வாலில்லாத வாக்கியம்

வாக்கியம் பாதியில் இருந்தது.

'தாங்கள் வேலையாக இருக்கும் நேரத்தில் குறுக்கிடுவதற்கு வருந்துகிறேன், ஆனால்...' என்பதுவரை அவள் ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்திருந்தாள். இன்னும் கேட்க வேண்டியது பிரிண்டருக்குப் பேப்பர் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான்.

பக்கத்து மேசை மிசாவா நாற்காலியைத் திருப்பி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மீதிக்காகக் காத்திருந்தார்.

மிசாவா என்ற அந்தப் பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். ஒன்றரை வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். காலையில் வணக்கம். மாலையில் 'தங்களுக்கு முன்னால் கிளம்புவதற்கு மன்னிக்கவும்'. நடுவில் வேலை. பேச்செல்லாம் துணிக்கடையில் மடித்து வைத்த புடவை மாதிரி கலையாமல் இருக்கும்.

அவளுக்கு அது பிடித்திருந்தது.

கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ஆமாங்க, இல்லீங்க என்று நாய்க்குட்டிக்கும் 'ங்க' போடுகிற ஊர். கோயம்புத்தூரில் ஜப்பானிய மொழி வகுப்பெடுத்த சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'தெசு', 'மசு'ன்னு ஒரு வால் வெக்கோணும். அங்க அதுதான் மரியாதை. உங்களுக்கு என்னங்க, பொறந்ததுல இருந்தே வால் இருக்குது."

வகுப்பே சிரித்தது.

ஜப்பானின் இந்தச் சென்டாய் நகர அலுவலகத்தில் அந்த வால்தான் அவளைக் காப்பாற்றியது. யாரும் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. மங்கையர்க்கரசி என்ற பெயர் மங்கையாகச் சுருங்கி, அவர்கள் வாயில் மாங்காய்-சான் ஆனபோதும், பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கிற அந்த 'சான்' உதிரவில்லை.

யாரும் அவளை நீ என்று சொன்னதும் இல்லை.

'ஆனால்' என்று அவள் நிறுத்தியிருந்த இடத்தில், அறையிலிருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அலறின.

ஜிஷின் தெசு. ஜிஷின் தெசு.

நிலநடுக்கம். அதையும் வால் வைத்துத்தான் சொன்னது போன்.

தரை ஒரு பக்கம் போனது. பிறகு மறுபக்கம்.

சின்ன ஆட்டங்கள் அவளுக்குப் பழகிப்போயிருந்தன. இது அப்படியில்லை. ஜன்னல்கள் கடகடத்தன. எல்லோரும் மேசைக்கு அடியில் மறைந்துவிட்டார்கள். அவள் மட்டும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, அசைகிற அலமாரியை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் எழவில்லை.

"என்ன பண்ற! இங்க வா! சீக்கிரம்!"

மணிக்கட்டில் ஒரு கை. இழுத்த இழுப்பில் முட்டி தரையில் இடித்தது. வயர்களுக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவே, ஒரு ஆள் ஒடுங்குகிற இடத்தில் இரண்டு பேர்.

மேலே ஏதோ கனமாக விழுந்தது.

மிசாவா அதட்டியிருக்கிறார். ஜப்பானிய மொழியில்தான். ஆனால் வால் இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே ஓடிய பிள்ளையைப் பிடித்திழுத்து அதட்டுகிற மாதிரி.

ஆட்டம் அடங்கியது. மணிக்கட்டைப் பிடித்த கை விடவில்லை.

மிசாவா கண்களை இறுக மூடியிருந்தார்.

"ஒன்னுமில்ல கண்ணு. ஒன்னுமில்ல. நின்னுருச்சு பாரு."

தமிழில் சொல்லியிருக்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. 'ங்க' விட்டுப்போனது அதற்கும் பிறகு.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாருக்கும் அடியில்லை. மேலாளர் எல்லோரையும் பெயர் சொல்லி, சான் சேர்த்து, நலம் கேட்டார்.

அவளுடைய நாற்காலியில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், அலமாரியின் உச்சியிலிருந்த பெட்டி கிடந்தது. பிரிண்டர் பேப்பர் பெட்டி. நாற்காலியின் கைப்பிடி ஒன்று முறிந்திருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

மிசாவா ஸ்கர்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக நின்று, இடுப்புவரை குனிந்தார்.

"சற்று முன்பு தங்களிடம் மரியாதையில்லாமல் பேசிவிட்டேன். மிகவும் வருந்துகிறேன்."

வால் திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட நீளமாக.

இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். பாடத்தில் உண்டு. அப்படியெல்லாம் எதுவும் இல்லை, நான்தான் தங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தாழக் குனிய வேண்டும். குனிந்தால் எல்லாம் பழையபடி மடிப்புக்குள் போய்விடும்.

அவள் குனியவில்லை.

வயதில் மூத்தவர். தப்பாகிவிட்டால் நாளையிலிருந்து பக்கத்தில் எப்படி உட்காருவது?

"பசிக்குது," என்றாள், ஜப்பானிய மொழியில். "சாப்பிடப் போலாம். வர்றியா?"

மிசாவாவின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்காததுபோல் மறுபடி குனிந்துகொண்டார்.

"ம்," என்றார் மிசாவா.

லிஃப்ட் நின்றுபோயிருந்தது. படியில் இறங்கினார்கள். முதல் திருப்பத்திலேயே மிசாவா பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டிக்கொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு, படபடவென்று, மூச்சு விடாமல். எந்தப் பாடத்திலும் இல்லாத ஜப்பானிய மொழி. அம்மா என்று ஒரு தடவை வந்தது. பூனை என்று வந்தது. பூனைக்கும் அம்மாவுக்கும் என்ன சண்டை என்று பிடிபடவில்லை.

மங்கைக்குப் பாதிதான் புரிந்தது.

தயவுசெய்து இன்னொரு முறை சொல்ல இயலுமா என்று கேட்பதற்கு அவளிடம் அழகான வாக்கியம் ஒன்று இருந்தது.

கேட்கவில்லை.

ம் கொட்டிக்கொண்டே இறங்கினாள்.