லாரி வரட்டும்

“அந்தக் கண்ணாடித் தடுப்பு வேணாம் சின்னதம்பிண்ணா, எஸ்டிமேட்ல அடிச்சிடுங்க. மேல இருந்து கொட்டற ஷவரும் வேணாம்.”

அஞ்சலி இப்படிச் சொன்னதும் அருண்ராஜ் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். அந்தக் கண்ணாடித் தடுப்புக்காக ஒரு மாதமாக அவனிடம் ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தான். முடிச்சூரில் அவனுடைய பூர்விக வீடு அது. பாசி பிடித்த அதன் குளியலறையைப் புதுசாக்க, சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் இருவரும் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போடுவதாகத் திட்டம்.

“ஏன் அஞ்சலி, நீ ஆசைப்பட்டதுதானே?”

“அந்தக் காசுக்கு லாரி சொல்லலாம் அருண். செப்டிக் டேங்கைச் சுத்தம் பண்ண ஆள் இறங்க வேணாம்.”

மேஸ்திரி சின்னதம்பி சிரித்தார். “லாரி மேல கீற தண்ணியத்தாம்மா உறிஞ்சும். அடியில சேறு கல்லாட்டம் கெட்டியா கீது. அதையும் எடுக்கற மிஷின் வண்டின்னா வாடகை எகிறும். நாம கேக்குற அன்னிக்கு வரவும் வராது. நான் சொன்னேனே ஜெயவேலு, பொத்தேரி ஆளு, அவர் எறங்கினா ஒரே நாள்ல முடிஞ்சிடும். வயசானாலும் பயம்னா இன்னான்னு கேக்கற மனுசன்.”

“விஷவாயு அடிச்சா?”

“மூடியத் தொறந்து கொஞ்ச நேரம் வுட்டா போய்டும்மா.”

“போகாதுண்ணா. அப்படி நெனச்சுத்தான் எத்தனையோ பேர் உள்ளயே போயிட்டாங்க. சட்டப்படியும் தப்பு.”

“நம்ம தெருவுல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. யார் வந்து பார்க்கப் போறா?” என்றான் அருண்ராஜ். “டைல்ஸ் வந்து இறங்கியாச்சு. நாளைக்கு வேலை ஆரம்பிக்கணும். லாரிக்காகக் காத்திருந்தா கூலி யார் குடுக்கறது?”

“என் வளையலை அடகு வச்சுக்கலாம்.”

அருண்ராஜுக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி முன்னால் இது என்ன பேச்சு என்று முறைத்தான். சின்னதம்பி நாசூக்காகத் தன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். “காலையில ஆளோட வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு அஞ்சலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லாரிக்காரருக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். இன்னொரு எண்ணுக்கு விடாமல் அடித்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்ததே தவிர, யாரும் எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு கறுப்புக் குழியும், அதற்குள் மெல்ல இறங்கும் ஒரு தலையும்தான் தெரிந்தன.

“யாரோ ஒரு ஆளுக்காக இவ்வளவு பயப்படறியே” என்று அருண்ராஜ் சமாதானமாகத்தான் சொன்னான். “அவங்களுக்கு இது பழக்கம் அஞ்சலி.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் சின்னதம்பியின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெயவேலு வந்தார். மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் கயிறு. வாசலில் நின்ற அஞ்சலியைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“சார், டேங்க் எந்தப் பக்கம் கீது?”

“பின்பக்கம்” என்றான் அருண்ராஜ்.

அஞ்சலி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். “இன்னிக்கு வேணாங்க, போயிடுங்க. உங்க கூலியை நான் குடுத்துடறேன்.”

“வேலை செய்யாம கூலி வாங்கிப் பழக்கமில்ல மேடம்” என்றார் ஜெயவேலு. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து அவரை ஆட்டி எடுத்துவிட்டது.

“அருண், இருமல் கேக்குதா? இவரைப் போய் எறக்கறியே!”

“அஞ்சலி, தெருவே பார்க்குது. கொஞ்சம் சும்மா இரு.”

சின்னதம்பியும் அருண்ராஜும் கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள். குப்பென்று அடித்த வீச்சத்தில் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஜெயவேலு மட்டும் நகரவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேஸ்திரியிடம் கொடுத்தார்.

“நீங்க உள்ள போங்க மேடம்” என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். “இதெல்லாம் நீங்க பார்க்க வேணாம்.”

அவள் போகவில்லை. அவர் குழியின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை உள்ளே விட்டார். பிறகு மற்றொரு காலை. இடுப்புவரை இருட்டுக்குள் போயாயிற்று. மறுபடியும் இருமல் வந்தது. பிடித்திருந்த கை நழுவியது.

அஞ்சலி பாய்ந்து மண்ணில் மண்டியிட்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். சிறுசேரியில் பழகிய பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

“எறங்காத நைனா, மேல வா!”

அப்பா செத்துப்போய்விட்டார் என்று சொல்லித்தான் அவள் அருண்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். அப்படிச் சொல்லச் சொன்னவரே ஜெயவேலுதான்.