நித்திய ஜீவனம்

"அண்ணே, இன்னியிலேர்ந்து நீங்க உள்ளே வர வேண்டாம்," என்றாள் லாரி டிரைவரின் மனைவி.

ஆஸ்பத்திரிப் படியேறி வந்த பஞ்சர் கடைக்காரர் அப்படியே நின்றார்.

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஒரு மாதமாக நாற்காலியில்தான் தூக்கம். கணவனுக்குக் கண் பார்வை போய்விட்டது. மற்றதும் ஒவ்வொன்றாகப் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வீட்டுக்கு ஓடிக் குளித்துவிட்டு வருகிற ஒரு மணி நேரம் கணவனின் பழைய சிநேகிதரான இவர்தான் காவல். அந்தக் காவலின் லட்சணம் நர்ஸ் சொல்லித் தெரிந்தது. டாக்டர் மாதிரி உறுமுவது, நர்ஸ் மாதிரி அதட்டுவது, கிளம்ப அடம்பிடிக்கும் லாரி மாதிரி இருமுவது. வார்டே சிரிக்கிறதாம்.

இவருக்குப் பட்டப்பெயரே 'இப்போதைக்கு'. எந்த டயரை ஒட்டிக் கொடுத்தாலும், "இப்போதைக்கு ஓடும், போங்க" என்பார். ஆலயத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், இப்போதைக்குக் கடையைப் பார்ப்போம் என்பார்.

"இருக்கிறதே கொஞ்ச நாள். அதையும் சிரிச்சே கழிச்சுட்டா, நாளைக்கு ஆண்டவர் முன்னாடி என்னன்னு போய் நிப்பார்? போதகர் தினமும் வந்து ஜெபிக்கிறார். அது போதும்ணே."

'இப்போதைக்கு' தலையை ஆட்டிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போதகர் வருவது கணவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பத்து நாளாக, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாராம். மூன்று தடவை தொண்டையைக் கனைத்து, "அன்பின் பரம பிதாவே" என்று ஒரு இழுப்பு இழுத்து... சந்தேகமே இல்லை, அவரேதான்.

ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா? வராந்தாவில் நின்று போன் போட்டாள்.

அந்தப் பக்கம் அதே மூன்று கனைப்பு. "மன்னிச்சுக்கம்மா. நித்தியத்தைப் பத்தி மூணு நாள் கூட்டம். அந்த ஏற்பாட்டிலேயே நாள் போயிடுது. அடுத்த வாரம் கண்டிப்பா வந்து பார்க்கிறேன்."

"ஐயா... நீங்க இன்னும் வரவே இல்லையா?"

"எங்கேம்மா நேரம்?"

கால்களை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கணவனின் முகம் வாசல் பக்கமே திரும்பியிருந்தது. எப்படிச் சொல்வது என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. சொல்லிவிட்டாள்.

அவன் உதட்டோரம் லேசாகச் சிரித்தது.

"தெரியும். போதகர் என்னிக்காவது, 'இவனுக்கு நித்திய ஜீவனம் குடுங்க சாமி'ன்னு கேப்பாரா?"

அழியாத வாழ்வான நித்திய ஜீவன் கேட்க வேண்டிய இடத்தில் ஜீவனம் கேட்டிருக்கிறார் மனுஷர். காலமெல்லாம் பிழைப்பையே பார்த்தவருக்கு அந்த வார்த்தைதானே வாயில் வரும்.

"அதோட, கையைப் பிடிச்சா டயர் ஒட்டற பசை வாசனை," என்றான்.

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?"

மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னான்.

"போதகர் வந்தாரா, போதகர் வந்தாரான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். என் ஆறுதலுக்குத்தான் ஆரம்பிச்சான். முதல்ல எல்லாமே போதகர் மாதிரி. இப்போ கனைப்பு மட்டும்தான் போதகரோடது. மத்ததெல்லாம் அவனே கேக்கறான், அழுதுக்கிட்டு. கடவுள்கிட்ட ஒரு வார்த்தை பேசாதவன். நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவான். நான் போற இடத்துக்கு அவனும் வந்து சேர வேண்டாமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

'இப்போதைக்கு' இன்னும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மணி நாலாகப் போகுது," என்றாள். "போதகரை இன்னும் காணோமேன்னு அவர் கேக்கறார்."