குடும்பத்துக் கைதி

"எங்க ஆளு திருடினது ஒரு பன்னிங்க! முழுப் பன்னி! அதையும் குடிபோதையில மாஜிஸ்திரேட் வீட்டு வாசல் வழியாவே ஓட்டிட்டுப் போயிருக்கான்!"

டெஸ் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பன்றித் திருடனுக்குக் கைதட்டல் வேறு.

ஆஸ்திரேலியாவில் இந்த ஹோபார்ட் ஊரே ஒரு தினுசு. மற்ற ஊர்களில் பாட்டன் நீதிபதி என்றால் மார்தட்டுவார்கள். இங்கே, பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்திலிருந்து விலங்கு போட்டுக் கப்பலில் அனுப்பப்பட்ட கைதி என்றால்தான் பெருமை. நீதிபதி வம்சம் மூச்சுக்கூடக் காட்டாது. பெரியவர்களுக்கான இந்தக் குறுகிய கால வரலாற்று வகுப்பில் இன்று கடைசி நாள். அவரவர் குடும்பத்துக் கைதியைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

வெர்னா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு அவளை வீட்டுக்கு வா, டீ சாப்பிடு என்று கூப்பிட்டவர்கள் இந்த வகுப்புக்காரர்கள் மட்டும்தான். வகுப்பு நடக்கும் செவ்வாய்க்கிழமையை விட்டால் அவளைப் பெயர் சொல்லி அழைக்க நாதியில்லை. தன் வீட்டுக் கதையைச் சொன்னபின் இவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை வாரமும் வாய் திறக்கவில்லை.

"வெர்னா, நீங்க ஏதாவது சொல்றீங்களா? விருப்பமிருந்தா மட்டும்" என்றாள் ஆசிரியை டாம்சின்.

"அவளுக்குத்தான் யாருமே இல்லையே, பாவம்! யோக்கியமான குடும்பம்" என்றாள் பக்கத்தில் இருந்த கிளெனிஸ். "எங்க வீட்டுத் திருடன்ல ஒருத்தன வேணா இரவல் தரேன்டி, எடுத்துக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை.

"இருக்கான். எங்க குடும்பத்துலயும் ஒருத்தன் இருக்கான். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அடிப்பாவி! இத்தன நாளா மறைச்சியா?" கிளெனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க என்னடி வெக்கம்? நாம எல்லாருமே திருட்டுப் பரம்பரைதான். சொல்லு!"

"பேரு ஜெத்ரோ. நல்ல உயரம். நீலக் கண்ணு. இடது புருவத்துல ஒரு தழும்பு. கையில அம்மா பேரப் பச்ச குத்தியிருக்கான்."

டாம்சின் முகம் மலர்ந்தது. கைதிகளின் பழைய பதிவேடுகளில் அங்க அடையாளத்தைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். பாடத்தை ஒழுங்காகக் கவனித்திருக்கிறாளே!

"என்ன திருடினான்?" என்றார் டெஸ் ஆவலாக.

"திருடல. ஒரு ஆளக் கொன்னுட்டான்."

அடேயப்பா! வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பன்றித் திருடன், துணித் திருடன், கள்ளநோட்டுக்காரன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கொலைகாரன் கிடைப்பது இதுதான் முதல் தடவை. டெஸ்ஸுக்குச் சற்றுப் பொறாமைகூட.

"குடிக்கிற எடத்துல வாய்ச்சண்ட. கையில கத்தி இருந்திருக்கு. செத்தவனுக்கு ஒரு சின்னப் பொண்ணு..."

"இவனுக்கு என்ன வயசு?"

"இருபத்திமூணு."

"பச்சப்புள்ள!" என்றாள் கிளெனிஸ். "தூக்குல போட்டுட்டாங்களா?"

"இல்ல. ஆயுள் தண்டன."

"அக்கிரமம்!" டெஸ் மேசையைத் தட்டினார். "குடிச்சிட்டு ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப்போனதுக்கு ஆயுசு பூரா அடைச்சு வைக்கிறதா? தீர்ப்பு சொன்னவன் எல்லாம் மனுஷனா?"

"பெத்தவ எப்படித் துடிச்சிருப்பா! அத நெனச்சுப் பாருங்க" என்று கிளெனிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

வெர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வகுப்பில் அழுவது புதிதில்லை. போன வாரம்தான் ஒருத்தி, கொள்ளுப்பாட்டனுக்கு விழுந்த சவுக்கடிக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள். ஆனால் ஜெத்ரோவைப் 'பச்சப்புள்ள' என்று ஒருவர் வாயிலிருந்து கேட்க மாட்டோமா என்று வெர்னா எவ்வளவு ஏங்கியிருந்தாள்! கேட்டுவிட்டாள். மனசு கொஞ்சம் இளகியது.

"வகுப்பு முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து ஒரு கைதியோட கல்லறைக்குப் போவோமில்ல? இந்தத் தடவ ஜெத்ரோகிட்டப் போலாமா?" என்றாள் டாம்சின்.

"பூ என் செலவு" என்றார் டெஸ்.

"நான் கேக் செஞ்சு எடுத்துட்டு வரேன்" என்றாள் கிளெனிஸ்.

வெர்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நெஜமாவே வருவீங்களா?"

"என்னடி கேள்வி இது? உங்க ஆளுன்னா எங்க ஆளு இல்லையா? எங்க இருக்கான், அத மட்டும் சொல்லு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம், ரிஸ்டன் ஜெயில்ல" என்றாள் வெர்னா. "சனிக்கிழமை பாக்க விடுவாங்க. என் கடைசிப் பையன்."

கிளெனிஸ் தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.