மூன்றாவது பாட்டு

"என் காதுக்கருவிப் பதிவைக் காட்டுங்க, பாஸ்டர்."

ஆராதனை நடத்துகிறவர்கள் கேட்கவே கூடாததை எப்சிபா கேட்டுவிட்டாள். சபையின் கண்ணீரை அளந்து, எந்தப் பாட்டை எத்தனை தரம் பாடவேண்டும் என்று அவளுக்குச் சொல்வது அந்தக் கருவிதான். போன ஞாயிறு மூன்றாவது பாட்டின் நடுவே, அப்பா இறந்த செய்தியையும் அதுதான் சொன்னது. அவள் அழுதுகொண்டே பாடினாள்; சபையே கதறியது.

"நாலெழுத்து படிச்சதும் கேள்வியா?" என்று முனகியபடி பாஸ்டர் திரையைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரிச் செய்தி ஒன்பது மணிக்கே வந்திருந்தது: 'மகளைக் கேட்கிறார், உடனே வரவும்.' கருவி அவளிடம் வாய்திறந்ததோ பத்து மணிக்கு, அவர் இறந்த பிறகு.

எப்சிபா திரையில் அந்த வரியைத் தொட்டாள். "ஒரு மணி நேரம் உயிரோட இருந்தாரா?"

"உடைஞ்சு பாடுறவதாம்மா நல்ல ஆராதனைக்காரி. மெஷின் நேரம் பாத்துச் சொல்லுச்சு. அன்னைக்கு எத்தனை பேர் மனந்திரும்பினாங்க தெரியுமா?"

"எங்கப்பா எத்தனை தரம் என்னைக் கூப்பிட்டாரு? அதை எண்ணுச்சா?"

ஆராதனை மணி அடித்தது. கருவியைக் கழற்றிப் பாஸ்டரின் வேதாகமத்தின்மேல் வைத்துவிட்டு, மேடைப் பக்கம் திரும்பாமல் எப்சிபா தெருவில் இறங்கி நடந்தாள்.