தாழியின் ஓட்டை

தகப்பன் பேச்சைக் கேட்டு, கல்யாண இரவிலேயே கணவன்மாரைக் கொன்ற அக்கா தங்கைகள் அவர்கள். பாதாளத்தில் ஓர் ஓட்டைத் தாழியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு விதித்த தண்டனை. நிரம்பினால் விடுதலை.

எத்தனையோ யுகமாக ஊற்றினார்கள். தண்ணீரோடு வந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, ஒருநாள் ஓட்டை அடைபட்டுப்போனது. தண்ணீர் தாழியின் கழுத்துவரை ஏறியது.

கடைக்குட்டியின் இடுப்பிலிருந்த குடம் தாழியிடம் சொன்னது: “இன்னும் ஒரே நடைதான். அதோட இவங்க போயிடலாம்.”

“போயிட்டா, அப்புறம் என்கிட்ட யார் வருவாங்க?” என்றது தாழி.

உடனே அதுவே சேர்த்துச் சொன்னது: “கொலைகாரிங்களை அப்படிச் சும்மா விட்டுட முடியுமா?”

பெண்கள் தண்ணீருக்குப் போனதும் தாழி தன்னை ஒருமுறை பலமாக உலுக்கிக்கொண்டது. அடியில் அடைத்திருந்த மணல் உதிர்ந்தது.

கடைக்குட்டிதான் முதலில் திரும்பி வந்தாள். ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காலித் தாழியின் விளிம்பைத் தடவிக்கொடுத்தாள்.

“பாவம், உன்னால தாங்க முடியல,” என்றாள். “நாங்க செஞ்சதுக்கு அனுபவிக்கிறோம். நீ என்ன தப்பு பண்ணினே?”