ஸ்க்ரூ மேல் பொட்டு

பெட்டியை மேசைமேல் வைத்தவள் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. பம்பு கம்பெனி முதலாளியான என் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

கூட்டிவந்தவன் கல்யாணத் தரகன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தான். புதுசாக யோசிக்கிற பிள்ளைகளைப் பழைய கம்பெனிகளோடு சேர்த்துவைப்பதுதான் அவன் தொழிலாம். அவனையும் நான் நம்பவில்லை.

பம்பு ஓடும் சத்தத்தைக் கேட்டே, அது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுமாம் அந்தப் பெட்டி. மூன்று வருஷ உழைப்பாம். வேறு எந்தக் கம்பெனியும் அவளை வாசல் தாண்ட விடவில்லையாம்.

என் மகனுக்கு வாயெல்லாம் பல். கண்ணாடி அலமாரியில் இருக்கும் எங்கள் முதல் பம்பைக் காட்டி, அப்பா சொந்தமாக யோசித்துச் செய்தது என்றான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுதான்.

அவள் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

இங்கே வந்து உட்காரும்மா என்றேன்.

ஒரு வாரம் பெட்டி இங்கே இருக்கட்டும், சோதித்துப் பார்க்கிறோம் என்றான் மகன். தரகன் தலையாட்டினான். அவளும் அரைமனதாகச் சரி என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். மூடியின் நாலு ஸ்க்ரூ மேலும் சிவப்பு நெயில் பாலிஷ். ஸ்க்ரூவிலும் மூடியிலும் சேர்ந்து படிகிற மாதிரி ஒவ்வொரு பொட்டு. யாராவது திருகினால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மகனும் பார்த்துவிட்டான். நம்மைத் திருடன் என்கிறாளா என்று முகம் சிவந்தான்.

"பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பும்மா" என்றேன். "நாளைலேருந்து தினம் கொண்டு வா. பக்கத்துலயே உக்காந்து சோதிச்சுக் காட்டு, சாயங்காலம் கையோட எடுத்துட்டுப் போயிடு. நானே கேட்டாலும் விட்டுட்டுப் போகாத."

மிரண்டுபோய், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். வருவாளோ மாட்டாளோ.

உங்களுக்கு யார்மேலயும் நம்பிக்கை கிடையாதுப்பா என்று மகன் கதவை அறைந்து சாத்தினான்.

நான் கண்ணாடி அலமாரி பக்கம் போனேன்.

முதல் பம்பின் மூடியில் பச்சைப் பெயிண்டுப் பொட்டுகள். பாதி ஸ்க்ரூவில், பாதி மூடியில். நாற்பது வருஷமாக ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன.

அந்தப் பொட்டுகளை வைத்தவனிடம் நானும் ஒரு வாரம்தான் கேட்டேன்.