உரக்குழிக்கு ஒரு கைச் சோறு

“குழி காலியா இருந்தா பத்து மார்க் போச்சு, காசியம்மா. சோறு எங்க?”

தலைமை ஆசிரியர் இளமாறன் உரக்குழியின் ஓரத்தில் நின்று உள்ளே கை நீட்டிக் காட்டினார். வெட்டி மூன்று மாதமான சின்னக் குழி. அதற்குள் ஒரு தவளை மட்டும் குடியிருந்தது.

“பசங்க மிச்சம் வெச்சாத்தான சார் கொட்டறதுக்கு?” என்றாள் சத்துணவு சமைக்கும் காசியம்மாள். “தட்டக் கழுவவே வேணாம். அப்படி வழிச்சித் தின்னுடுதுங்க.”

“காய்கறித் தோலு?”

“அத இந்த ஆடுங்க வுடுதா?”

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற நடுநிலைப் பள்ளி அது. பசுமைப் பள்ளிச் சான்றிதழுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் ஆய்வு. எண்பது மதிப்பெண் வேண்டும். மரக்கன்று, மழைநீர்த் தொட்டி, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று எப்படிக் கூட்டினாலும் எழுபத்திரண்டுதான் வந்தது. உணவுக் கழிவு உரக்குழிக்குப் பத்து.

இளமாறனுக்கு மே மாதம் ஓய்வு. முப்பத்து மூன்று வருட வேலையில், சுவரில் மாட்டுகிற மாதிரி எதுவும் கிடைத்ததில்லை. இதற்கு மட்டும் ஆணி அடித்து வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்தார்.

“இன்னிலேருந்து எல்லாரும் தட்டுல ஒரு கைச் சோறு மிச்சம் வெக்கணும்.”

அறுபத்திரண்டு பிள்ளைகளும் முழித்தார்கள். ஏழாம் வகுப்புத் தமிழ்மொழி கை தூக்கினாள்.

“எதுக்கு சார்?”

“சுற்றுச்சூழலைக் காப்பாத்தறதுக்கு.”

“சோத்த வீணாக்கக் கூடாதுன்னு போன வாரம் பேச்சுப் போட்டி வெச்சீங்களே சார். நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

“அது போன வாரம்மா.”

மதியம் தமிழ்மொழி மட்டும் சொன்னபடி ஒரு கை மிச்சம் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அதற்குச் சண்டை போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இளமாறனே நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்பு சுபஸ்ரீ ஒரு கைச் சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். எழுந்து போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இளமாறன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“சரி, சாப்பிட்டுத் தொலை.”

மற்ற அறுபத்தொரு பேரும் தங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் செய்வது சரிதானா என்று சாயங்காலம் வரை தன்னையே கேட்டுக்கொண்டார். புதன்கிழமை காலையில் பக்கத்து ஊர்த் தலைமை ஆசிரியர் போன் செய்தார்.

“இன்னா சார், சர்டிபிகேட் மொதல்ல உங்களுக்கா எங்களுக்கா? எங்க குழி ரொம்பி வழியுது!”

இளமாறன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு நேராகச் சமையல் கூடத்துக்குப் போனார்.

“காசியம்மா, சாம்பார்ல உப்பக் கொஞ்சம் ஜாஸ்தி போடுங்களேன்.”

“இன்னா சார் பேசறீங்க? பசங்க வாயில வெக்கற சோத்த என் கையாலயே கெடுக்கச் சொல்றீங்களா?”

“பத்து மார்க்கும்மா.”

“குழி ரொம்பணும், அவ்ளோதான? பசங்கள வுட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“எப்படி?”

“அத ஏன் சார் கேக்கறீங்க? போய்ப் பாடம் நடத்துங்க.”

ஆய்வுக்கு வந்த ஜெயசுதா மேடம், குழிமேல் மூடியிருந்த முள்ளை விலக்கிவிட்டு ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். பாதிக் குழி நிறைந்திருந்தது. இளமாறனுக்கே நம்ப முடியவில்லை.

“பரவால்லையே சார்! நெறைய இடத்துல குழி வெட்டி போட்டோ எடுத்ததோட சரி. நீங்க நெஜமாவே பயன்படுத்தறீங்க.”

பத்துக்குப் பத்து. பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

“ஆனா இவ்ளோ மிச்சமாகுதே. பிள்ளைங்க சரியா சாப்பிடறதில்லையா?”

வரிசையாக நின்ற பிள்ளைகளை இளமாறன் ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பேனாவைப் பார்த்தார்.

“எங்க மேடம்... இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சோத்தோட அருமையே தெரியறதில்ல. நானும் தினம் தொண்டை கிழியச் சொல்லிக்கினுதான் இருக்கேன்.”

தமிழ்மொழி வாயைத் திறந்தாள். இளமாறன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“பொறுமையாச் சொல்லிக் குடுங்க சார். வீட்டுல கத்துக்கலன்னா நம்மகிட்டதான கத்துக்கணும்” என்று சொல்லிவிட்டு மேடம் கையெழுத்துப் போட்டார். மொத்தம் எண்பத்திரண்டு.

கார் கிளம்பியதும் இளமாறன் ஏறக்குறைய ஓடியே சமையல் கூடத்துக்கு வந்தார்.

“மானத்தக் காப்பாத்திட்டீங்கம்மா! மிச்சம் வெச்ச பசங்க யாரு யாரு? கூப்பிடுங்க, ஆளுக்கு ஒரு பேனா வாங்கித் தரேன்.”

காசியம்மாள் கழுவிய டிபன் பாக்ஸ்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“பசங்க எங்க சார் வெச்சிதுங்க? நீங்க அஞ்சு வாத்தியாருங்களும் கழுவக் குடுக்கற டப்பாவுல கெடந்ததுதான். இத்தினி நாளா எங்க வூட்டு மாட்டுக்குப் போய்க்கினு இருந்துச்சி. மொதப் பேனாவ நீங்களே வெச்சிக்குங்க சார், அதுல முக்கால்வாசி உங்களுது.”